ஆஷ் விடைபெற்றுவிட்டான், தம்பியிடம் எப்படிச் சொல்வேன்?

கடிதத்தின் சுருக்கம்

எழுதியவருக்கு வயது 33. சொந்த ஊர் தஞ்சாவூர் மாவட்டத்தில் ஒரு சிற்றூர். இப்போது கணவரோடும் ஏழு வயது மகளோடும் பெங்களூரில் இருக்கிறார். ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. பத்து வயதில் அப்பா இறந்துவிட்டார். தையல் வேலைக்குப் போகும் அம்மா இருட்டிய பிறகுதான் வீடு திரும்புவார். பள்ளி விட்டு வந்ததும் மூன்று வயது இளைய தம்பிக்குச் சோறு போடுவது, அவனை வீட்டுப்பாடம் எழுத வைப்பது, பாத்திரம் கழுவிக் கவிழ்ப்பது எல்லாம் இவர் பொறுப்பு. அதற்கு நடுவே ஒரு அரை மணி நேரம் அக்காவும் தம்பியும் டிவி முன்னால் உட்கார்ந்து, போக்கிமான் என்ற விநோத உயிரினங்களைப் பழக்கிப் போட்டியிட வைக்கும் ஆஷ் என்ற சிறுவனின் கதையான ‘போக்கிமான்’ ஜப்பானியக் கார்ட்டூன் தொடரைப் பார்ப்பார்கள். ஆறாம் வகுப்பில் தொடங்கிய பழக்கம் அது. வசனம் பாதிதான் புரியும். புரியாததை இவரே கதை கட்டித் தம்பிக்குச் சொல்வார்.

விடுதி, வேலை, கல்யாணம் என்று வாழ்க்கை மாறியபோதும் இருவரும் தொடரை விடவில்லை. தம்பி இப்போது ஜெர்மனியில் இருக்கிறார். வாரம் ஒரு எபிசோடை அவரவர் வீட்டில் பார்த்துவிட்டு, ஞாயிறு மாலை போனில் அதைப் பற்றிப் பேசுவார்கள். 2022 நவம்பரில் ஆஷ் உலகச் சாம்பியன் ஆனபோது இருவரும் போனிலேயே அழுதிருக்கிறார்கள். 2023 மார்ச்சில் ஆஷின் கதை முடிந்து, அடுத்த மாதமே லிகோ, ராய் என்ற புதிய நாயகர்களோடு தொடர் மறுபடி தொடங்கியது. அன்றிலிருந்து இவருக்கு மனம் ஒட்டவில்லை. பழைய எபிசோடுகளைப் போட்டுப் பார்த்தார். பத்து நிமிடத்தில் கை தானாகப் போனில் வேறு எதையோ தேடியது. ஒரு வருடமாக எதையும் பார்ப்பதில்லை. சனிக்கிழமை இரவு இணையத்தில் கதைச் சுருக்கத்தைப் படித்துவிட்டு, மறுநாள் பார்த்ததுபோலத் தம்பியிடம் பேசுகிறார்.

“பிடித்த விஷயத்தில் ஆர்வம் போவது டிப்ரஷன் அறிகுறி என்று படித்தேன். எனக்கு அதுவா? மாடியில் கீரை வளர்ப்பதும் தோழியோடு நாவல் படித்துப் பேசுவதும் இன்னும் பிடிக்கத்தான் செய்கிறது. அப்படியானால் என் மனசு மரத்துவிட்டதா? அல்லது அவர்கள்தான் தொடரைக் கெடுத்துவிட்டார்களா? 22 வருஷம் பார்த்ததை இப்போது விட்டால் அவ்வளவும் வீண் இல்லையா? தம்பியிடம் சொன்னால் ‘நீயும் விட்டுட்டியா அக்கா’ என்பான். அதை என்னால் தாங்க முடியாது. இதற்கு நடுவில் என் மகள் லிகோவை விழுந்து விழுந்து பார்க்கிறாள். ‘அதெல்லாம் நிஜ போக்கிமான் இல்லடி’ என்று ஒருநாள் கத்திவிட்டேன். குழந்தை முகம் சுருங்கிவிட்டது. ஊரில் வீட்டை இடித்துக் கட்டுகிறார்கள். பரணில் எங்கள் டாசோ டப்பா (சிப்ஸ் பாக்கெட்டில் வந்த வட்டச் சில்லுகள்) இருக்கிறது, தூக்கிப் போடவா என்று அம்மா கேட்கிறார். ஒரு கார்ட்டூனுக்காக உங்களுக்குக் கடிதம் எழுதுவதே வெட்கமாக இருக்கிறது.”

ஆலோசகரின் பதில்

அன்புள்ள சகோதரி,

வெட்கப்பட இதில் ஒன்றுமே இல்லை. 22 வருடம் நெருங்கிப் பழகியவரோடு பேச ஒருநாள் எதுவுமே இல்லாமல் போனால் யாருக்கும் திகைப்பாகத்தான் இருக்கும். எதிரில் இருந்தது கார்ட்டூன் என்பதால் அந்தத் திகைப்பு சின்னதாகிவிடாது. உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது தொடரைப் பற்றிய வரிகளை அல்ல, அந்த அரை மணி நேரத்தைப் பற்றிய வரிகளை. அதற்குப் பிறகு வருகிறேன். நோய் பற்றிய பயத்தை முதலில் பார்த்துவிடலாம்.

இது மனச்சோர்வு நோயா?

நீங்கள் படித்தது உண்மை, ஆனால் பாதி உண்மை. ஆர்வம் குன்றுவது மனச்சோர்வு நோயின் முக்கிய அறிகுறிகளில் ஒன்றுதான். ஆனால் ஒரு தொடரின் மேல் இருந்த ஆர்வம் போய்விட்டதா என்று மருத்துவர்கள் பார்ப்பதில்லை. முன்பு மகிழ்ச்சி தந்த ஏறக்குறைய எல்லாவற்றிலும், நாளின் பெரும்பகுதியும், அநேகமாகத் தினமும், குறைந்தது இரண்டு வாரம் அந்த வெறுமை நீடிக்கிறதா என்று பார்ப்பார்கள். கூடவே தூக்கமும் பசியும் மாறியிருக்கின்றனவா, காரணமில்லாத களைப்பு உண்டா, கவனம் நிற்கிறதா, ‘நான் எதற்கும் லாயக்கில்லை’ என்ற எண்ணம் விடாமல் துரத்துகிறதா, சாவைப் பற்றிய நினைப்பு வருகிறதா என்றும் கேட்பார்கள். கீரை துளிர்ப்பதைப் பார்த்து மகிழ்கிறீர்கள், தோழியோடு நாவலைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறீர்கள். இந்தப் படத்தில் மனச்சோர்வு நோய் எனக்குத் தெரியவில்லை.

ஆனாலும் ஒரு கடிதத்தை வைத்து யாரும் நோயை உறுதி செய்யவும் முடியாது, இல்லை என்று முத்திரை குத்தவும் முடியாது. மேலே சொன்னவற்றில் சில உங்களுக்கும் இருந்து, அவற்றை எழுதாமல் விட்டிருந்தால் தள்ளிப்போடாதீர்கள். நீங்கள் இருக்கும் பெங்களூரிலேயே நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை இருக்கிறது. நேரில் போகத் தயக்கமாக இருந்தால் மத்திய அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண் 14416. கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம். களைப்பு மட்டும் இருந்தால் தைராய்டும் ரத்தசோகையும் பார்த்துக்கொள்ளுங்கள். நம் பெண்கள் பலர் இவ்விரண்டையும் ‘மனசு சரியில்லை’ என்றே எண்ணிக்கொண்டு வருடக்கணக்கில் ஓட்டுகிறார்கள்.

கெட்டுப்போனது தொடரா, மரத்துப்போனது நீங்களா?

இரண்டும் இல்லை என்பது என் கருத்து. ஏன் என்று சொல்ல, உங்களுக்கே நன்றாகத் தெரிந்த கதைக்குள் கொஞ்சம் போக வேண்டியிருக்கிறது.

1997 ஏப்ரல் 1 அன்று ஜப்பானில் இந்தத் தொடர் தொடங்கியபோது ஆஷுக்குப் பத்து வயது. 2023 மார்ச்சில் அவன் விடைபெற்றபோதும் அவன் சிறுவன்தான். ஆயிரத்து இருநூறு எபிசோடுகளுக்கு மேல் நடந்தும் அவனுக்கு மீசை அரும்பவில்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய வீடியோ கேம் வரும். அதோடு தொடரிலும் புதிய நாடு பிறக்கும். கான்டோ முடிந்தால் ஜோட்டோ, ஹோயென், சின்னோ என்று போய்க்கொண்டே இருக்கும். ஹோயெனிலிருந்து பெரும்பாலும் ஆஷ் தான் சேர்த்த போக்கிமான்களைத் தன் ஊர்ப் பேராசிரியர் ஓக்கிடம் விட்டுவிட்டு, தன் முதல் போக்கிமானான பிக்காச்சுவைத் தோளில் ஏற்றிக்கொண்டு ஏறத்தாழ முதலிலிருந்து தொடங்குவான். எழுதியவர்களின் சோம்பேறித்தனம் என்று இதைச் சொல்ல மாட்டேன். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரு புதிய குழந்தைக் கூட்டம் டிவி முன்னால் வந்து உட்காருகிறது. பழைய கதை எதுவும் தெரியாத அந்தப் பிள்ளைகளுக்கும் கதவு திறந்திருக்க வேண்டும் என்றுதான் அப்படி அமைத்தார்கள். உங்களுக்கும் தம்பிக்கும் அன்று அந்தக் கதவு அப்படித்தான் திறந்தது. 1997இல் தொடங்கிய கதைக்குள் நீங்கள் நுழைந்தது பல வருடம் கழித்துத்தானே!

சிரமம் யாருக்கு? உள்ளேயே தங்கிவிட்டவர்களுக்கு. உங்களுக்கு எல்லாம் நினைவிருக்கிறது. முதல் பெரிய போட்டியான இண்டிகோ லீக்கில் ஆஷின் சாரிசார்ட் என்ற போக்கிமான் சண்டை போட மறுத்துப் படுத்துக்கொண்டதால் ஆஷ் வெளியேறியது நினைவிருக்கிறது. அத்தனை லீக்குகளைப் பார்த்து வந்தவன், யுனோவா நாட்டில் கால் வைத்ததும் அன்றுதான் முதல் போக்கிமானை வாங்கிய ஒரு பையனிடம் தோற்றது நினைவிருக்கிறது. 2016இல் காலோஸ் லீக் இறுதிப் போட்டியில் அலெய்ன் என்ற போட்டியாளரிடம் தோற்றபோது உலகம் முழுக்க ரசிகர்கள் கொதித்தார்களே, அது தம்பிக்கும் உங்களுக்கும் ஒரு வாரப் பேச்சாக இருந்திருக்கும். நாயகனின் நினைவு திரும்பத் திரும்பத் துடைக்கப்படுகிறது. பார்ப்பவரின் நினைவோ வளர்ந்துகொண்டே போகிறது. இந்த இடைவெளிதான் சலிப்பாக வெளிப்படுகிறது. அதிகம் நேசித்தவருக்குத்தான் அது அதிகமாக வரும். மரத்துப்போன மனசுக்கு இதெல்லாம் உறைக்கவே உறைக்காது.

இன்னொன்றும் கவனியுங்கள். 2019இல் அலோலா நாட்டில் ஒரு பெரிய லீக்கை ஆஷ் முதல் தடவையாக வென்றான். 2022இல் அதுவரை சாம்பியனாக இருந்த லியோனை வீழ்த்தி உலகச் சாம்பியன் ஆனான். ‘ஆஷ் என்றாவது ஜெயிப்பானா’ என்று நீங்கள் சிறுமியாக இருந்தபோது கேட்டிருக்கக்கூடிய கேள்விக்கு அன்று பதில் வந்துவிட்டது. போனில் இருவரும் அழுதது அதனால்தான். பிறகு 2023இன் தொடக்கத்தில் வந்த சில விடைபெறும் எபிசோடுகளில், போக்கிமான் மாஸ்டர் என்றால் என்ன என்ற கேள்விக்கும் அவன் தன் பதிலைச் சொன்னான்: உலகத்துப் போக்கிமான்கள் எல்லாவற்றோடும் நட்பாவது. அதைச் சொல்லிவிட்டு பிக்காச்சுவோடு மறுபடியும் நடையைக் கட்டினான். ஆகவே நீங்கள் பாதியில் எழுந்து போகவில்லை. ஆஷின் கதை முடியும்வரை உட்கார்ந்திருந்தீர்கள். முடிந்த பிறகு எழுந்ததற்கு யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. தொடக்க ஆண்டுகளில் தலைமைக் கதாசிரியராக இருந்த தாகேஷி ஷுதோ, முதியவராகிவிட்ட நாயகன் தன் சிறுவயதை நினைத்துப் பார்ப்பதுபோல ஒரு முடிவை யோசித்திருந்ததாகப் பின்னாளில் எழுதினார். அந்த முடிவு திரைக்கு வரவில்லை. ஆனால் கதையைத் தொடங்கியவர்களில் ஒருவரே இந்தச் சிறுவன் ஒருநாள் வளர்ந்துவிடுவான் என்று நினைத்திருந்தார் என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

‘22 வருஷம் வீணா’ என்ற கேள்விக்கு நீண்ட பதில் தேவையில்லை. பார்த்த நேரத்தின் மகிழ்ச்சியை அந்தந்த நேரத்திலேயே நீங்கள் அனுபவித்தாகிவிட்டது. போட்ட நேரத்தை மீட்கவேண்டும் என்று பிடிக்காததை மேலும் பார்ப்பதால் பழையது எதுவும் திரும்பாது. புதிய நேரம்தான் போகும்.

பழைய எபிசோடுகளும் சலித்தது உங்களை அதிகம் பயமுறுத்தியிருக்கிறது. பயப்படாதீர்கள். டீம் ராக்கெட் என்ற திருட்டுக் கும்பல் புதிய இயந்திரத்தோடு வரும், பிக்காச்சுவைப் பிடிக்கும், கடைசியில் வானத்தில் புள்ளியாய் மறையும். அடுத்து என்ன நடக்கும் என்று முன்கூட்டியே தெரிவதுதான் ஏழெட்டு வயதில் சுகம். 33 வயதில் அந்தச் சுகம் தேவைப்படுவதில்லை. அதோடு, நீங்கள் அன்று பார்த்த எபிசோடுகளில் பாதி நீங்கள் கட்டியது. புரியாத வசனத்துக்கு நீங்கள் போட்ட கதையும் பக்கத்தில் தம்பி சிரித்த சிரிப்பும் எந்தத் தளத்திலும் கிடைக்காது. வேலை முடித்து, சமையலறை ஒழித்து, ராத்திரி பதினொரு மணிக்குத் தனியாகப் போனில் பார்க்கும்போது திரையில் மிஞ்சுவது படம் மட்டும்தான். அந்த நேரத்தில் அதைப் போட்டு, ‘எனக்கு இன்னும் பிடிக்கிறதா’ என்று உங்களையே பரீட்சை வைத்துக்கொள்வதை நிறுத்துங்கள்.

குழந்தைகள் விடாமல் கட்டிக்கொண்டு தூங்கும் போர்வையையும் பொம்மையையும் பற்றி டொனால்ட் வின்னிகாட் என்ற ஆங்கிலேயக் குழந்தை மருத்துவர் 1953இல் ஒரு புகழ்பெற்ற கட்டுரை எழுதினார். வளர வளரக் குழந்தை அந்தப் பொருளை மறப்பதும் இல்லை, அதற்காகத் துக்கம் காப்பதும் இல்லை. அது மெல்லத் தன் அர்த்தத்தை இழக்கிறது, ஏனென்றால் அதில் குவிந்திருந்த ஆசையும் கற்பனையும் விளையாட்டு, கலை, கதை என்று வாழ்க்கை முழுக்கப் பரவிவிடுகிறது என்பது அவர் கண்டது. தோழியோடு உட்கார்ந்து நாவலைப் பேசும் பெண்ணை நினைத்துப் பாருங்கள். தம்பிக்காகக் கதை கட்டிய அதே சிறுமிதான் அவள். உங்கள் ஆர்வம் எங்கே போயிற்று என்று நீங்கள் தேட வேண்டியதே இல்லை.

அந்த அரை மணி நேரம்

இப்போது கொஞ்சம் மெதுவாகப் படியுங்கள்.

பத்து வயதில் அப்பா போனார். அந்த வயதிலேயே நீங்கள் தம்பிக்குப் பாதி அம்மா ஆகிவிட்டீர்கள். பள்ளி விட்டதிலிருந்து அம்மா வரும்வரை வீட்டில் பெரியவர் நீங்கள்தான். அந்த நேரத்துக்குள் யாரும் உங்களிடம் எதுவும் கேட்காத அரை மணி நேரம் ஒன்றே ஒன்று இருந்தது. அதில் உங்கள் வயதுப் பையன் ஒருவன் வீட்டை விட்டு வெளியே போகிறான். காடு, கடல், புதிய ஊர், புதிய நண்பர்கள் என்று எங்கும் போகிறான். அவன் வீட்டிலும் அம்மா மட்டும்தான். அவன் அப்பாவின் முகத்தை நாம் பார்த்ததே இல்லை. இதையெல்லாம் அன்று நீங்கள் கவனித்தீர்களோ இல்லையோ, அந்த அரை மணி நேரத்துக்கு மட்டும் நீங்களும் ஒரு குழந்தையாக இருந்திருக்கிறீர்கள்.

ஆர்வம் போனதற்கு உங்களுக்கு இவ்வளவு துக்கம் ஏன் என்று எனக்கு இங்கேதான் புரிகிறது. தொடரை விட்டால் அந்த அரை மணி நேரத்தையும், அதில் உங்கள் தோளில் சாய்ந்திருந்த சின்னத் தம்பியையும் கைவிடுவதாக மனம் கணக்குப் போடுகிறது. அந்தக் கணக்கு தவறு. நீங்கள் இழந்தது ஒரு தொடரின் மேலான ஆர்வம். இழந்துவிடுவோமோ என்று பயப்படுவது தம்பியை. இரண்டும் ஒன்றாகவே வளர்ந்ததால் ஒன்றாகத் தெரிகின்றன, அவ்வளவுதான்.

ஒன்றை மட்டும் கேட்டு வைக்கிறேன். அப்பா இறந்தபோது உங்களுக்கு அழ நேரம் இருந்ததா? சின்ன வயதிலேயே பொறுப்பு சுமந்த பிள்ளைகள் பலர் அந்த அழுகையைத் தள்ளி வைத்துவிடுகிறார்கள். பல வருடம் கழித்து, சம்பந்தமே இல்லாததுபோலத் தெரியும் ஒரு சின்ன இழப்பில் அது வெளியே வரும். உங்களுக்கும் அப்படித்தான் என்று நான் சொல்ல வரவில்லை. இந்த வரிகளைப் படிக்கும்போது தொண்டை அடைத்தால், ஆலோசகர் ஒருவரிடம் நேரில் போய் அப்பாவைப் பற்றிப் பேசுங்கள். அதற்கு நோய் இருக்கவேண்டும் என்பதில்லை.

தம்பியிடம் சொல்வது

உங்கள் முன் மூன்று வழிகள் இருக்கின்றன. இப்போது போலவே நடித்துக்கொண்டு போவது. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி பார்க்கத் தொடங்குவது. அல்லது உண்மையைச் சொல்வது.

நடிப்பதில் உடனடி வலி இல்லை. ஆனால் சனிக்கிழமை இரவு கதைச் சுருக்கம் படிக்கும்போது உங்கள் வயிற்றில் என்ன புரள்கிறது என்று பாருங்கள். ஒரு வருடத்துப் பொய்யைத் தம்பி பொறுத்துக்கொள்வான். ஐந்து வருடத்துப் பொய் என்றால், ‘அக்கா என்னிடம் வேறு எதிலெல்லாம் நடித்தாள்’ என்று யோசிப்பான். அது மட்டுமல்ல, தற்செயலாகத் தெரியவந்தால் அவனுக்கு உறைப்பது நீங்கள் தொடரை விட்டது அல்ல, அவனை ஏமாற்றியதுதான். பல்லைக் கடித்துக்கொண்டு பார்ப்பது இன்னும் மோசம். கடமைக்குப் பார்க்கும் ஒவ்வொரு எபிசோடும் நல்ல நினைவுகளின் மேல் எரிச்சலைப் பூசிவிட்டுப் போகும்.

உண்மையைச் சொல்வதிலும் ஆபத்து உண்டு. அவன் தூர தேசத்தில் இருக்கிறான். 1688இல் யோஹான்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர், ஊரை விட்டுத் தூரம் போய் வாடிய சுவிஸ் நாட்டவர்களைப் பார்த்துப் பழைய இடத்துக்கான ஏக்கத்தை ஒரு நோயாகவே வகைப்படுத்தினார். இன்றைய உளவியலாளர்கள் அப்படிச் சொல்வதில்லை. தனிமையில் இருப்பவருக்கு அந்த ஏக்கமே தெம்பு தரும் என்கிறார்கள். குளிர்காலத்து ஜெர்மனியில் தம்பிக்குப் போக்கிமான் அப்படிப்பட்ட தெம்பாக இருக்கலாம். இன்னொரு சாத்தியமும் இருக்கிறது. அவனும் அக்காவுக்காகவே இதை இழுத்துப் பிடித்துக்கொண்டு இருக்கலாம். எது உண்மை என்று கேட்டால்தான் தெரியும். இரண்டில் எதுவானாலும் அவனுக்குத் தேவை ஞாயிறு மாலை அக்காவின் குரல்தான். அதை நீங்கள் நிறுத்தப் போவதில்லை.

ஆகவே மூன்றாவது வழியையே சொல்கிறேன். வாட்ஸாப்பில் எழுதாதீர்கள், வழக்கமான ஞாயிறு அழைப்பில் பேசுங்கள். பேச்சைத் தொடங்க உங்கள் கையிலேயே ஒன்று இருக்கிறது: பரணில் இருக்கும் டாசோ டப்பா. அதில் பாதி அவனுடையது, அவனைக் கேட்காமல் தூக்கிப் போடும் உரிமை அம்மாவுக்கும் இல்லை, உங்களுக்கும் இல்லை. நல்ல விலைக்குப் போகும் என்ற எண்ணம் இருந்தால் அதை விட்டுவிடுங்கள்; நாம் விளையாடித் தேய்த்த டாசோக்களுக்கும், அன்று கடைகளில் வாங்கிய போக்கிமான் அட்டைகளில் பெரும்பாலானவற்றுக்கும் சந்தையில் மதிப்பு கிடையாது. ‘டப்பாவ என்னடா பண்ணலாம்’ என்று கேளுங்கள். அந்தப் பேச்சு சூடேறியதும் இப்படிச் சொல்லலாம்:

“உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்டா. ஆஷ் போனதுலேருந்து எனக்கு மனசு ஒட்டல. கொஞ்ச நாளா நான் பாக்கறதே இல்ல, பாத்த மாதிரி உன்கிட்ட பேசிட்டு இருந்தேன். நீ வருத்தப்படுவியோன்னு பயம். உன்கூடப் பேசறது மட்டும் எனக்கு எப்பவும் வேணும்.”

‘நீயும் விட்டுட்டியா அக்கா’ என்று அவன் கேட்டாலும் கேட்கட்டும். உடனே சமாதானம் சொல்லப் பறக்காதீர்கள். அந்தத் தொடர் உங்கள் இருவருக்கும் பிரிவைப் பற்றிச் சொன்னது கொஞ்சமா? கூட்டத்தோடு கடல் தாண்டிப் போக வேண்டிய பட்டர்ஃப்ரீ என்ற போக்கிமானை ஆஷ் அழுதுகொண்டே அனுப்பி வைத்தான். தன் கூட்டத்தைக் காக்கப் பிஜியாட் தங்கிவிட்டது. ஸ்குவர்ட்டில் என்ற போக்கிமான் பழைய நண்பர்களிடம் போயிற்று. அந்தக் கதையில் பிரிந்து போனவர் யாரையும் ஆஷ் துரோகி என்று சொன்னதில்லை. தம்பிக்கு இதெல்லாம் உங்களைவிட நன்றாக ஞாபகம் இருக்கும்.

அவன் இன்னும் விரும்பிப் பார்க்கிறான் என்றால் புதிய தொடரை அவனிடம் மட்டம் தட்டாதீர்கள். ‘நீ பாத்துட்டுக் கதைய எனக்குச் சொல்லு’ என்று கேளுங்கள். அன்று அவனுக்குக் கதை சொன்னது நீங்கள். இனி கொஞ்ச காலம் அவன் சொல்லட்டும். பேச்சின்போது அவன் குரலில் தொடரைத் தாண்டிய சோர்வு தெரிந்தால், தூங்குகிறானா, சாப்பிடுகிறானா, அங்கே பேச மனிதர்கள் இருக்கிறார்களா என்று கேளுங்கள். எபிசோடு பற்றிய பேச்சு இத்தனை நாள் இந்தக் கேள்விகளை மறைத்திருக்கவும் கூடும்.

மகளின் போக்கிமான்

மகளிடம் இன்றே பேசிவிடுங்கள். ‘அன்னிக்கு அம்மா சொன்னது தப்பு, உன் போக்கிமானும் நிஜம்தான்’ என்று சொன்னால் போதும். நீண்ட விளக்கம் ஏழு வயதுக்கு வேண்டாம். உங்களுக்கு ஆஷ் எப்படியோ அவளுக்கு லிகோ அப்படி. எடுத்த எடுப்பிலேயே மாஸ்டர் ஆவேன் என்று கிளம்பிய ஆஷ் போல அல்ல லிகோ. தனக்கு என்ன வேண்டும் என்றே இன்னும் தெரியாத, கூச்ச சுபாவம் உள்ள பெண். உங்கள் மகளுக்கு அவளிடம் எது பிடித்தது என்று கேட்டுப் பாருங்கள். குழந்தையைப் பற்றி உங்களுக்குத் தெரியாத ஏதோ ஒன்று அந்தப் பதிலில் இருக்கலாம்.

கூட உட்கார்ந்து முழு எபிசோடையும் பார்க்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. பத்து நிமிடம் பக்கத்தில் இருந்துவிட்டுக் கீரைக்குத் தண்ணீர் ஊற்றப் போகலாம். போகும்போது ‘எங்க காலத்துல’ என்று மட்டும் தொடங்காதீர்கள். ஆஷ் கதையை அவளாகக் கேட்டால் சொல்லுங்கள். கேட்காவிட்டால் அது உங்களுக்கும் தம்பிக்குமே இருக்கட்டும்.